பிரேசில் பாட்டும் காற்பந்தும்: எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஈசூன் உறுமி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறேன். தைப்பூசம், தீமிதி, கல்யாணம், கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பையன்கள் சேர்ந்து காற்பந்தும் ஆடுவோம். யார் எந்த அணி என்று கேட்டால் பாதிப் பேர் பிரேசில்.

2019 அக்டோபரில் பிரேசில் இங்கே சிங்கப்பூரில் கல்லாங் அரங்கத்திற்கு வந்து செனகலோடும் நைஜீரியாவோடும் ஆடியதே, அதில் நைஜீரியா ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். இரண்டு ஆட்டமும் 1-1தான். நெய்மாரைப் பார்க்கத்தான் காசு கொடுத்தோம், அவர் 12வது நிமிடத்திலேயே காயம் என்று வெளியேறிவிட்டார். ஆனால் எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பிரேசில் குடும்பம். அந்த அம்மா மடியில் கஞ்சிரா மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் தட்டிக்கொண்டே இருந்தார். நைஜீரியா கோல் போட்டபோதும் கை நிற்கவில்லை, கசெமிரோ திருப்பிப் போட்டபோதும் வேகம் கூடவில்லை. ஆட்டத்துக்குக் கீழே இன்னொரு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

வரும் உலகக் கிண்ணத்துக்கு எங்கள் புளோக்குக்குக் கீழே பெரிய திரை வைத்துப் பார்க்கலாம் என்று பேச்சு. பாட்டுக்கு நான் பொறுப்பு. "பிரேசில்தானே, ஏதாவது ஒரு சாம்பா போடு" என்கிறார்கள். எனக்கு அப்படிப் போட இஷ்டமில்லை. நம் சினிமாவிலும் பந்து விளையாட்டுக்குப் பாட்டு வருகிறது, படம் தியேட்டரை விட்டுப் போனதும் பாட்டும் போய்விடுகிறது. அங்கே மட்டும் எப்படி இத்தனை வருடமாக இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன? யார் போட்ட பாட்டு, எந்த ஆட்டத்துக்குப் போட்டது என்று கதையோடு சொல்லக்கூடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், அந்த வாத்தியங்களில் எங்கள் கைக்கு வரக்கூடியது ஏதாவது உண்டா?

தோபாயோ டிஜே எழுதியது:

அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க. ஷக்கீராவோட வக்கா வக்கா, ரிக்கி மார்ட்டினோட 98 பாட்டு. இரண்டையும் மாத்தி மாத்திப் போட்டாலே கூட்டம் ஆடும். நான் கல்யாண விருந்திலேயே போடுறேன்.

சுங்கை ரோடு அக்கா எழுதியது:

டிஜே தம்பி, கோபப்படாதீர்கள். ஷக்கீரா கொலம்பியா, ரிக்கி மார்ட்டின் போர்ட்டோ ரிக்கோ. பிரேசில் ஆட்டத்துக்கு அவற்றைப் போடுவது பொங்கலுக்குச் சீனப் புத்தாண்டுப் பாட்டுப் போடுகிற மாதிரி. ஆடுவார்கள், அது வேறு விஷயம்.

உறுமித் தம்பி, நான் சிராங்கூன் பக்கம் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தவள். கடை போய்ப் பல வருடமாகிறது, இசைத்தட்டுப் பைத்தியம் போகவில்லை. சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலையில் மூடினார்களே, அதுவரை வாரம் தவறாமல் போவேன். தரையில் கான்வாஸ் விரித்துக் குவித்திருப்பார்கள், பழைய ரேடியோ, கைக்கடிகாரம், யாரோ விட்டுப்போன குடும்பப் படம், நடுவே தட்டுகள். அட்டையில் பந்தோ மஞ்சள் சட்டையோ தெரிந்தால் விலை பேசாமல் எடுத்துவிடுவேன். போர்த்துகீசியம் எனக்குத் தெரியாது. கதைகளை அப்புறம் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டேன்.

காற்பந்து அப்பா கொடுத்தது. பழைய தேசிய விளையாட்டரங்கத்தில் மலேசியக் கிண்ண ஆட்டங்களுக்கு என்னைக் கூட்டிப்போவார். எஸ். ராஜகோபால் வளைத்து அடிக்கும் பந்தைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தின் சத்தத்தை எல்லோரும் 'கல்லாங் கர்ஜனை' என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். கர்ஜனை உண்மைதான். ஆனால் ராஜகோபாலின் பந்துக்கு நம்மில் யாரும் ஒரு மெட்டுப் போடவில்லை. பிரேசிலில் போட்டிருப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியதில் பாட்டு வரியே கிடையாது. 'உம் அ ஸெரோ' என்று ஒரு ஷோரோ, அது பிரேசிலின் பழைய வாத்திய இசை வகை. ஒன்றுக்குப் பூஜ்யம், ஆட்டத்தின் முடிவுதான் தலைப்பு. 1919 மே 29, ரியோவில் லரன்ஜெய்ராஸ் திடல், தென்னமெரிக்கக் கிண்ணத்துக்கு பிரேசிலும் உருகுவேயும். 90 நிமிடம் ஆடினார்கள், கோல் இல்லை. அரை மணி கூட்டினார்கள், இல்லை. இன்னும் அரை மணி கூட்டினார்கள். அது தொடங்கிய சூட்டில் ஆர்தூர் ஃப்ரீடன்ரைக் அடித்தார். மொத்தம் 150 நிமிடத்துக்கு ஒரே கோல். பிரேசிலுக்கு அதுதான் முதல் தென்னமெரிக்கக் கிண்ணம். ஃப்ரீடன்ரைக்கின் அப்பா ஜெர்மானிய வம்சம், அம்மா கறுப்பினத்தவர். ரியோவின் பெரிய கிளப்புகளில் வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் ஆடிய காலம் அது.

அந்தக் கோலுக்கு மெட்டுப் போட்டவர் பிஷிங்கிஞ்ஞா. அவரும் கறுப்பினத்தவர், புல்லாங்குழல்காரர், அப்போது அவருக்கு 22 வயது. தட்டாக வந்தது 1946இல்தான். அதற்குள் அவர் டெனர் சாக்ஸபோனுக்கு மாறிவிட்டார், குழலை பெனடிட்டோ லாசெர்டா வாசித்தார். இதைக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். குழல் மூச்சு விடாமல் திரும்பித் திரும்பி ஓடும், எங்கேயோ விழப்போகிறது என்று நினைக்கும் நேரத்தில் கீழே சாக்ஸபோன் ஒரு சின்ன அடி வைத்து அதைத் தாங்கும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பந்து தட்டிக்கொடுத்து ஆடுகிறார்கள், வேறென்ன சொல்ல. 1993இல் நெல்சன் ஆஞ்ஜெலோ என்பவர் வரிகள் எழுதிச் சேர்த்தார். எனக்கு வரியில்லாததுதான் பிடிக்கும்.

அடுத்தது ஒரு மனிதரைப் பற்றி. 'அக்குவரேலா தோ பிரசில்' என்ற பாட்டை எங்கேயாவது ஹோட்டல் லிஃப்டிலாவது கேட்டிருப்பீர்கள். 1939. அதைப் போட்ட ஆரி பரோசோ வானொலியில் காற்பந்து வர்ணனையாளரும்கூட. கூட்டத்தின் சத்தத்தில் கோல் விழுந்ததே நேயர்களுக்குக் கேட்காது என்று மௌத் ஆர்கன் வைத்து ஊதுவார். அவர் ரியோவின் ஃபிளமெங்கோ கிளப்புக்கு வெறியர். ஃபிளமெங்கோ கோல் போட்டால் ஊதிக்கொண்டே இருப்பார். எதிரணி போட்டால் 'பீ' என்று ஒரு சின்ன ஊதல், முடிந்தது. வர்ணனையாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் நடக்காது. 1942இல் ஜைமி தி கர்வால்யோ என்ற ரசிகர் ஃபிளமெங்கோவுக்காக அரங்கத்துக்குள் ஒரு வாத்தியக் கோஷ்டியையே கொண்டுவந்தார். சுருதி சேராத அந்தக் கோஷ்டியை ஆரி பரோசோ 'ஷரங்கா' என்று கிண்டல் செய்தார். கிண்டலையே பேராக வைத்துக்கொண்டார்கள்.

ரியோ கிளப்புகளின் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளமெங்கோ, வாஸ்கோ, ஃப்ளுமினென்சே, போட்டாஃபோகோ, இன்னும் சின்னக் கிளப்புகள், மொத்தம் 11. 1940களில் அத்தனைக்கும் எழுதியவர் ஒரே ஆள், லமார்ட்டின் பாபோ. கார்னிவல் பாட்டுக்குப் பேர் போனவர். அவருடைய சொந்த அணி அந்தப் பெரிய கிளப்புகள் எதுவுமில்லை, அமெரிக்கா என்ற சின்னக் கிளப். எதிரிகளுக்கெல்லாம் இவ்வளவு அழகாக எழுதிக் கொடுக்க ஒரு மனசு வேண்டும். 1960இல் அமெரிக்கா ரியோ பட்டத்தை வென்றபோது மனிதர் கிளப்பின் சின்னமான சாத்தான் வேடம் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்.

இப்போது உங்கள் திரைக்குக் கீழே போடத் தகுந்ததற்கு வருகிறேன். ஜோர்ஜ் பென், 'ஃபியோ மரவில்யா', 1972.

ஜோர்ஜ் பென் சின்ன வயதில் ஃபிளமெங்கோவின் இளையர் அணியில் ஆடியவர். 1972 ஜனவரியில் ரியோவின் மரக்கானா அரங்கத்தில் ஃபிளமெங்கோவுக்கும் போர்ச்சுகலின் பென்ஃபிக்காவுக்கும் ஆட்டம். பெரிய கிண்ணம் எதற்குமில்லை, கோடைக்காலப் போட்டி. ஃபியோ என்று ஒரு முன்னாட்டக்காரர், நிஜப் பேர் ஜொவாவ் பாட்டிஸ்டா தி சாலெஸ். பெலே மாதிரியெல்லாம் இல்லை. ஒரு நாள் அபாரமாக ஆடுவார், மறுநாள் காலியான கோலுக்கு வெளியே அடிப்பார், இருந்தாலும் கூட்டத்துக்கு அவரென்றால் உயிர். அன்று அவர் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இறக்கு, இறக்கு என்று கூட்டம் கத்தியது. பயிற்றுநர் ஸகாலோ இறக்கினார். இரண்டாம் பாதியின் 33வது நிமிடம், தற்காப்பு ஆட்டக்காரர்களைத் தாண்டி, கோல்காவலரையும் தாண்டி, கோல். 1-0.

பாட்டில் இருப்பது அந்த 33வது நிமிடம்தான், அப்படியே. நாடு, கொடி, வீரம் எதுவும் இல்லை. யாரிடம் தட்டிக்கொடுத்தார், எத்தனை பேரை ஏமாற்றினார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். பந்தோடு சேர்ந்து வலைக்குள்ளேயே நுழைந்திருப்பார், தன்னடக்கத்தால் நுழையவில்லை என்று ஒரு குறும்பு. அந்த வருடமே மரியா அல்சினா என்ற பெண் அனைத்துலகப் பாட்டு விழாவில் கரகரத்த ஆண்குரல் போலொரு குரலில் இதைப் பாடிக் கூட்டத்தை எழுப்பிவிட்டார். அவர் பதிவையும் தேடுங்கள்.

பிற்பாடு ஃபியோ பேரைப் பயன்படுத்தியதற்குப் பணம் கேட்டு வக்கீல் மூலம் விவகாரமாகி, ஜோர்ஜ் பென் 'ஃபில்யோ மரவில்யா' என்று மாற்றிப் பாட வேண்டியதாயிற்று. ஃபியோ சான் ஃபிரான்சிஸ்கோ போய் பீட்சா விநியோகம் செய்து பிழைத்தார். 2007இல்தான் பழைய பேரிலேயே பாடட்டும் என்று விட்டுக்கொடுத்தார். எனக்கு இதில் ஜோர்ஜ் பென் மேல் கொஞ்சம் வருத்தம்தான். கோல் போட்டவன் பீட்சா தூக்கும்போது பாட்டு உலகம் சுற்றியிருக்கிறது.

அவருடைய 1976 தட்டு 'ஆஃப்ரிக்கா பிரசில்' கிடைத்தால் முழுதாகவே ஓடவிடலாம். முதல் பாட்டு ஒரு ஆப்பிரிக்க முன்னாட்டக்காரனைப் பற்றி, சாம்பாவில் மின்கித்தாரைப் போட்டு உருட்டியிருப்பார். ஃபிளமெங்கோ ஆட்டக்காரர் ஸிக்கோவுக்கும் அதில் ஒரு பாட்டு உண்டு, அவர் 23 வயதுப் பையனாக இருந்தபோதே.

பாடகி எல்சா சோவாரெஸ் பற்றித் தனியாக எழுத வேண்டும். காப்பி போட்டுவிட்டு வருகிறேன்.

பென்ஷன் ரெஃப்ரி எழுதியது:

அக்கா சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1970 உலகக் கிண்ணத்தை விட்டுவிட்டீர்களே. பெலே, டோஸ்டாவ், ஜெர்சன் எல்லாம் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்தபோது உள்ளூரில் ராணுவ ஆட்சி. 'ப்ர ஃப்ரென்டி பிரசில்' என்று ஒரு பாட்டை ஊதித் தள்ளினார்கள். 9 கோடிப் பேரும் ஒரே மனது என்று. பாட்டும் பந்தும் ஒட்டிக்கொண்டது இயல்பாக மட்டுமா, ஒட்டியும் வைத்தார்களா?

சுங்கை ரோடு அக்கா எழுதியது:

ரெஃப்ரி அண்ணே, விசில் சரியான நேரத்தில் ஊதியிருக்கிறீர்கள்.

ஒட்டியும் வைத்தார்கள், மறுக்கவில்லை. அந்தப் பாட்டை எழுதியவர் மிகெல் குஸ்தாவோ, விளம்பரப் பாட்டில் கை தேர்ந்தவர். பிரேசிலில் உலகக் கிண்ணம் டிவியில் நேரடியாக வந்தது அப்போதுதான் முதல் தடவை. ஒளிபரப்புக்குப் பணம் போட்ட கம்பெனிகள் நடத்திய போட்டிக்காக வந்த பாட்டு அது. ஜனாதிபதி மெடிசியின் அரசாங்கம் அதைப் பிடித்துக்கொண்டது. பத்திரிகைக்குத் தணிக்கை, சிறை, சித்திரவதை எல்லாம் நடந்துகொண்டிருந்த வருடம். மெட்டு காதில் ஒட்டும், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உறுமித் தம்பி, அதைப் போடாதீர்கள். உங்கள் இஷ்டம், நான் போட மாட்டேன்.

அதே நேரத்தில் வேறு பாட்டுகளும் இருந்தன. அஃபொன்சின்யோ என்று போட்டாஃபோகோவில் ஒரு நடுத்திடல் ஆட்டக்காரர், மருத்துவம் படித்துக்கொண்டே ஆடியவர். தாடி வைத்திருந்தார், முடி வளர்த்திருந்தார், எடுத்தால்தான் ஆடலாம் என்றது கிளப். அவர் எடுக்கவில்லை. அப்போதெல்லாம் ஆட்டக்காரரின் சீட்டு கிளப் கையில், அது விடாமல் வேறு அணிக்குப் போக முடியாது. அவர் வழக்காடி 1971இல் தன் சீட்டைத் தானே வாங்கினார். பிரேசிலில் அப்படி வாங்கிய முதல் ஆள். பாடகர் கில்பெர்ட்டோ ஜில் அப்போதுதான் லண்டன் வனவாசம் முடித்து ஊர் திரும்பியிருந்தார், அவரையும் அதே அரசாங்கம்தான் பிடித்து உள்ளே வைத்து வெளியே அனுப்பியது. அவர் அஃபொன்சின்யோவுக்குக் கடிதம் எழுதுவது மாதிரி ஒரு பாட்டுப் போட்டார், 'மெயோ தி காம்போ'. எலிஸ் ரெஜினா பாடியிருக்கிறார். ரொம்ப மெதுவான பாட்டு, பெரிய திரைக்கு ஒத்துவராது. வீட்டுக்குப் போனபின் கேட்பதற்கு.

பாடகர் ஷிக்கோ புவார்க்கியும் அந்த ஆட்சியில் கொஞ்ச காலம் ஊரை விட்டு ரோமில் இருந்தார். 1969இல் அங்கே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சீரோ மொன்டெய்ரோ என்ற மூத்த பாடகர், தீப்பெட்டியைத் தட்டியே சாம்பா பாடிப் பேர் வாங்கியவர், குழந்தைக்கு ஃபிளமெங்கோ சட்டை அனுப்பிவைத்தார். ஷிக்கோ ஃப்ளுமினென்சே ஆள்! பதிலுக்கு ஒரு சாம்பாவே எழுதினார், மரியாதைக்குரிய ஐயாவுக்கு என்று விண்ணப்பம் போல ஆரம்பித்து. நாடு கடந்து உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் சண்டை எதைப் பற்றி, பாருங்கள்.

ஷிக்கோ சொந்தமாக ஒரு அணியே வைத்திருக்கிறார், பொலித்தியாமா என்று பேர், ரியோவில் திடலும் உண்டு. 1980 மார்ச்சில் பாப் மார்லி பிரேசில் வந்து அந்தத் திடலில் பந்து உதைத்துவிட்டுப் போனார். கச்சேரி எதுவும் செய்யவில்லை, பந்து மட்டும்தான்.

எல்சா சோவாரெஸ். 1962 சிலி உலகக் கிண்ணத்துக்குப் பாடகியாகப் போனவர். பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயம்பட, அந்தக் கிண்ணத்தை வாங்கித் தந்தவர் காரிஞ்சா, வளைந்த கால்காரர். இரண்டு பேருக்கும் காதல். காரிஞ்சாவுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி வரிசையாகப் பெண் குழந்தைகள். ஊர் யாரைத் திட்டியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வானொலிக்குப் போன் போட்டு இந்தப் பெண்ணின் பாட்டைப் போடாதே என்றார்கள். அவர்கள் வீட்டை நோக்கிச் சுட்டார்கள். இத்தாலிக்குப் போனார்கள். காரிஞ்சா ஓட்டிய கார் மோதித்தான் எல்சாவின் அம்மா இறந்தார், 1969இல். குடி, அடி, எல்லாவற்றையும் தாங்கி 1977இல் பிரிந்தார். அந்த ஆளைக் கெடுத்தவள் என்று அப்புறமும் சொன்னார்கள். காரிஞ்சா இறந்தது 1983 ஜனவரி 20. எல்சா இறந்தது 2022 ஜனவரி 20. எனக்குத் தேதிகளில் நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் படித்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் குரலைக் கேளுங்கள். தொண்டையை வேண்டுமென்றே கரகரவென்று உரசிப் பாடுவார், எக்காளம் மாதிரி வரும். காரிஞ்சாவைப் பற்றிய பாட்டு எதுவும் வேண்டாம், 60களில் அவர் பாடிய எந்தச் சாம்பாவும் போதும்.

கப்பல்காரன் எழுதியது:

நான் கப்பலில் இஞ்சின் பிரிவு. சாண்டோஸ் துறைமுகத்தில் சரக்கு ஏற்ற நாள்கணக்கில் காத்திருப்போம். அக்கா தீப்பெட்டி என்றதும் ஞாபகம் வந்தது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு சின்னக் கடை, டிவியில் ஆட்டம். ஒரு தாத்தா பாதி காலியான தீப்பெட்டியை இரண்டு விரலிடுக்கில் பிடித்து, மறுகை விரல்நுனியால் தட்டுகிறார். குச்சிகள் உள்ளே குலுங்குவது கிலுகிலு, அட்டை டக் டக். இன்னொருத்தர் தட்டில் கத்தியைத் தேய்க்கிறார். ஆட்டம் மந்தமானால் இவர்கள் சத்தம் கூடும், பந்து கோல் பக்கம் போனால் நிறுத்திவிடுவார்கள்.

ஈசூன் தம்பி 'எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது' என்று கேட்டிருந்தார். சாவ் பாவ்லோவில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது: கொரிந்தியான்ஸ் அணியின் ரசிகர் கூட்டம் கவியோயெஸ் தா ஃபியேல், 1969இல் தொடங்கியது. அவர்களே கார்னிவலில் இறங்கும் 'சாம்பா பள்ளி' என்கிற ஊர்வலக் குழுவும்கூட, 1995இல் சாவ் பாவ்லோ பட்டத்தையே வென்றிருக்கிறார்கள். எதிரணியான பால்மெய்ராஸ் ரசிகர்களின் மன்ச்சா வெர்டி 2019இலும் 2022இலும் வென்றது. அரங்கத்தில் டிரம் அடிக்கிற அதே கை கார்னிவலிலும் அடிக்கிறது. இதில் வேடிக்கை, பால்மெய்ராஸின் நிறம் பச்சை என்பதால் கவியோயெஸ் ஊர்வலத்தில் பச்சை நிறமே இருக்காது. காடு காட்டும் ரதமாக இருந்தாலும் வேறு நிறம்தான்.

ஈசூன் உறுமி எழுதியது:

அக்கா, கப்பல் அண்ணே, ரொம்ப நன்றி. இரவு வேலை முடிந்து வந்து 'உம் அ ஸெரோ' கேட்டேன். குழலோடு எங்கள் நாதஸ்வரக்காரர் ஒருத்தரை விட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஃபியோ பாட்டுக்கு என் ஐந்து வயது மகள் ஆடுகிறாள். வாத்தியம் பற்றி யாராவது?

பத்துக்காடா பையன் எழுதியது:

அண்ணே, நான் இங்கே ஒரு பத்துக்காடா குழுவில், அதாவது சாம்பா தாளவாத்தியக் குழுவில் அடிக்கிறேன். பெரும்பாலும் மலாய்ப் பையன்கள், தமிழ் ஆள் நான் ஒருத்தன். உங்கள் கேள்விக்காகவே கணக்குத் திறந்தேன்.

கல்லாங்கில் அந்த அம்மா வைத்திருந்தது பாண்டெய்ரோ. சுற்றிலும் சலங்கைத் தகடு உண்டு. கஞ்சிரா தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது, ஆனால் கட்டைவிரல், விரல்நுனி, உள்ளங்கை அடிப்பக்கம் என்று சுழலும், அது பழக வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது குயிக்கா. உறுமிக்காரர் பார்த்தால் சிரிப்பீர்கள். உறுமியில் நாம் வளைந்த குச்சியால் தோலின் வெளிப்பக்கம் தேய்த்து உறும வைக்கிறோம். குயிக்காவில் குச்சி உள்ளே இருக்கும். தோலின் நடுவில், உள்பக்கமாக, மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். ஒரு கையை உள்ளே விட்டு, ஈரத்துணியால் அந்தக் குச்சியைப் பிடித்து இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். மறுகை விரலால் வெளியே தோலை நடுவுக்குப் பக்கத்தில் அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். கீச்சுக் குரலில் யாரோ சிரிக்கிற மாதிரி, அழுகிற மாதிரி வரும். துணி காய்ந்தால் சத்தம் செத்துவிடும், அதிகம் நனைந்தால் வழுக்கும். புதிதாக வருகிறவர்கள் குச்சியை இறுக்கிப் பிடிப்பார்கள், சத்தமே வராது. தேய்ப்பு பழகிய கை என்றால் அந்தத் தப்பு வராது என்று நினைக்கிறேன்.

அடித்தளம் சுர்தோ, பெரிய டிரம், மூன்று அளவு. இரண்டு எண்ணிக்கைதான் தாளம், ஆனால் கனமான அடி இரண்டாவதில் விழும், அதைப் போடுவது எல்லாவற்றிலும் பெரிய சுர்தோ. அடுத்த சுர்தோ முதல் எண்ணிக்கையில் பதில் சொல்லும். மூன்றாவது இடைவெளியில் வெட்டி வெட்டி விளையாடும். நம் ஆட்கள் எல்லோருக்கும் முதல் நாள் வரும் சிக்கல், முதல் அடியில் கனத்தைப் போட்டுவிடுவது. அதைப் போட்டால் சாம்பா நடக்காது, அணிவகுப்பாகிவிடும். உங்கள் தவில்காரருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சுங்கை ரோடு அக்கா எழுதியது:

பத்துக்காடா தம்பி, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? ஃபியோ பாட்டில் நடுவே கீச்சென்று வருவது குரலா வாத்தியமா என்று நானும் என் தங்கையும் பலதடவை வாதாடியிருக்கிறோம்.

உறுமித் தம்பிக்கு இன்னும் இரண்டு விஷயம். 2002இல் பிரேசில் ஆட்டக்காரர்கள் பேருந்தில் ஸெக்கா பகோஜின்யோவின் ஒரு பாட்டைத் தாங்களே தட்டிக்கொண்டு பாடியபடி திடலுக்குப் போவார்கள், ரொனால்டின்யோ கையில் டிரம். 'டெய்ஷா அ வீதா மி லெவார்'. வாழ்க்கை இழுத்த இழுப்புக்குப் போகிறேன் என்கிற சாதாரணப் பாட்டு, காற்பந்தே அதில் இல்லை. கிண்ணமும் வந்தது. ஆட்டம் தொடங்குமுன் போட அதுதான் சரி, கூடப் பாடவும் சுலபம்.

1982இல் ஃபிளமெங்கோவின் இடதுபக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் ஜூனியரே ஒரு பாட்டுப் பாடித் தட்டு வெளியிட்டார், 'வோவா கனரின்யோ'. மஞ்சள் குருவியே பற என்று. நாடு முழுக்க விற்றது. ஸிக்கோ, சாக்ரட்டீஸ், ஃபல்காவ் எல்லாம் இருந்த அணி. பார்சிலோனாவில் ஜூலை 5 அன்று இத்தாலியிடம் 3-2 என்று தோற்றார்கள், பாவ்லோ ரோசி மூன்றும் அடித்தார். இரவில் எங்கள் புளோக்கில் ஒவ்வொரு வீட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, முடிந்ததும் ஒருத்தரும் ஒருத்தரோடும் பேசவில்லை. எல்லோரும் 1970 அணியைத்தான் பேசுவார்கள், எனக்கு இந்த அணிதான். அந்தப் பாட்டை நானே வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் மட்டும் போடாதீர்கள். இடைவேளையிலும் வேண்டாம்.

பென்ஷன் ரெஃப்ரி எழுதியது:

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். புளோக்குக்குக் கீழே டிரம் அடிப்பதாக இருந்தால் நகர மன்றத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். ஆட்டம் விடியற்காலையில் என்றால் டிரம்மை மறந்துவிடுங்கள், தீப்பெட்டிதான்.

பத்துக்காடா பையன் எழுதியது:

அண்ணே, தனித்தகவல் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை மதியம் நாங்கள் பயிற்சி செய்கிற இடத்துக்கு வாருங்கள், உறுமியையும் எடுத்துக்கொண்டு. என்னிடம் இரண்டு குயிக்கா இருக்கிறது, சின்னதில் தொடங்கலாம். பழைய பருத்தித் துணி ஒன்று கொண்டுவாருங்கள், பனியன் துணியாக இருந்தால் ரொம்ப நல்லது.